‘மைல்டு ஹைப்ரிட்’ மோட்டார் கார்: அதன் அமைப்பும் பயனும்

மோட்டார் கார் விற்பனை நிலையங்களில் இக்காலத்தில் அடிக்கடி செவிப்படும் சொல் ‘ஹைப்ரிட்’ என்பதாகும். விவசாய அன்பர்களுக்கு இச்சொல் புதிதன்று. சோளத்திலும் கம்பிலும் பருத்தியிலும் வீரிய ஒட்டு விதைகளை அவர்கள் நெடுநாளாகவே அறிவர். இருவேறு பெற்றோரின் நற்குணங்களை ஒரே செடியில் சேர்த்து வைப்பது ஒட்டு விதை. அதுபோலவே பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் எஞ்சின் ஒன்றும், மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் ஒன்றும் ஒரே வண்டியில் அமைந்திருப்பின் அதனை ஹைப்ரிட் வண்டி என்கின்றனர். இவ்வளவில் விஷயம் எளிது. எஞ்சின் எவ்வளவு, மோட்டார் எவ்வளவு என்ற கேள்வி எழும்பொழுதுதான் வாங்குவோர் ஏமாறக்கூடிய இடம் வருகிறது.

நெசவாள அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஓரத்தில் இரண்டிழை ஜரிகை ஓடிய சேலையும் ஜரிகைச் சேலையே. உடலிலும் முந்தானையிலும் ஜரிகை நிறைந்த சேலையும் ஜரிகைச் சேலையே. பெயர் ஒன்றாயினும் விலை ஒன்றன்று. ஜரிகை எவ்வளவு என்று கேளாமல் விஷயம் தெரிந்த எவரும் விலை பேசுவதில்லை. ‘மைல்டு ஹைப்ரிட்’ என்பது ஓரத்தில் மட்டும் ஜரிகை ஓடிய வண்டி. ‘ஸ்ட்ராங் ஹைப்ரிட்’ என்பது உடலிலும் ஜரிகை கொண்டது. வண்டியின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் பெயர்த் தகடு இவ்வேற்றுமையைச் சொல்வதில்லை. கடன் வாங்கிக் கார் எடுக்க எண்ணும் அங்கத்தினர் இவ்வேற்றுமையைத் தெளிவாக அறிந்த பின்னரே கையொப்பமிடுதல் நலம் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மைல்டு ஹைப்ரிட் வண்டியில் உள்ள மின்மோட்டார் தனியே வண்டியை ஓட்டாது. பார வண்டி மேட்டில் ஏறும்பொழுது பின்னால் ஒருவர் தோள் கொடுத்துத் தள்ளுகிறார் அல்லவா? மாடுகளுக்கு அது பெரிய ஒத்தாசையே. ஆனால் மாடுகளை அவிழ்த்துவிட்டு அவரையே வண்டி இழுக்கச் சொல்ல முடியாது. மைல்டு ஹைப்ரிட் மோட்டாரின் வேலையும் இத்தகையதே. இழுப்பது எஞ்சின், தோள் கொடுப்பது மோட்டார். ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டியிலோ, எஞ்சின் அணைந்திருக்கும்பொழுதும் மோட்டார் மட்டுமே சிறிது தூரம் வண்டியை இழுத்துச் செல்லும்.

பெட்ரோல் எங்கே வீணாகிறது?

சாதாரணக் காரில் பெட்ரோல் வீணாகும் வழிகள் பல. அவற்றுள் இரண்டை மட்டுமே மைல்டு ஹைப்ரிட் அமைப்பு தடுக்க முயல்கிறது.

ஒன்று, வண்டி நின்றுகொண்டிருக்கும்பொழுது எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பது. ரயில்வே கேட்டிலும், நகரத்துச் சிக்னல்களிலும், மார்க்கெட் வாசலிலும் நாம் நிற்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அது சிறிதன்று. நடுத்தரமான பெட்ரோல் கார் ஒன்று நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரித்துவிடும். ஒரு முழம்கூட நகராமலே இவ்வளவும் செலவு.

மற்றொன்று, பிரேக் போடுவதால் ஏற்படும் நஷ்டம். இதனைப் பலர் கவனிப்பதில்லை. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அந்த வேகத்தை அது அடைவதற்குப் பெட்ரோல் செலவாகியிருக்கிறது. பெட்ரோலில் அடங்கிய சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சென்றடைகிறது என வைத்துக் கணக்கிட்டால், அச்செலவு சுமார் 20 மில்லி லிட்டர். எதிரே ஓர் ஆடு குறுக்கிடுகிறது, பிரேக்கை மிதிக்கிறோம், வண்டி நிற்கிறது. அந்த 20 மில்லி லிட்டரின் பயன் முழுவதும் பிரேக் தகடுகளில் உஷ்ணமாகிக் காற்றோடு போய்விட்டது. பத்து முறை இவ்வாறு நின்று புறப்பட்டால் ஒரு பெரிய டம்ளர் பெட்ரோலைத் தரையில் ஊற்றியதற்கு ஒப்பாகும். நகரத்துக்குள் ஓடும் கார் ஒரு லிட்டருக்குத் தரும் கி.மீ. குறைந்துபோவதற்கு இதுவே முக்கிய காரணம்.

அமைப்பு

இந்நஷ்டங்களைக் குறைப்பதற்கு மைல்டு ஹைப்ரிட் வண்டியில் செய்துள்ள மாறுதல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஒவ்வொரு காரிலும் எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட டைனமோ ஒன்று உண்டு. இதனை ஆல்ட்டர்னேட்டர் என்பது சரியான பெயராயினும், ஒர்க்‌ஷாப்களில் டைனமோ என்றே வழங்குவர். எஞ்சின் அதனைச் சுழற்றுகிறது. அது மின்சாரம் உண்டாக்கி பாட்டரியில் சேர்க்கிறது. மைல்டு ஹைப்ரிட் வண்டியில் இந்த டைனமோவின் இடத்தில் இருவேலையும் செய்யவல்ல ஒரு யந்திரம் பொருத்தப்படுகிறது. எஞ்சின் சுழற்றினால் அது மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் அது எஞ்சினைச் சுழற்றும். நடுவில் உள்ளது அதே பெல்ட்தான். சற்று அகலமும் உறுதியும் கூடியது. சில உயர்ந்த விலை வண்டிகளில் மட்டும் இந்த யந்திரம் பெல்ட் இன்றி எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே அமைந்திருக்கும்.

ஒரே யந்திரம் இருவேலை செய்வது புதுமை என எண்ண வேண்டாம். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்தில், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ‘செல்ஃப்’ சாதனம் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதிலும் எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரும், பின்னர் மின்சாரம் தரும் டைனமோவும் ஒரே யந்திரமாகவே இருந்தன. பிற்காலத்தில் அவ்விரண்டும் தனித்தனியே பிரிந்தன. இப்பொழுது மறுபடியும் ஒன்றாகியிருக்கின்றன.

வண்டி ஓடும்பொழுது இந்த யந்திரம் செய்வதென்ன? சிக்னலில் வண்டி நின்றதும், ஓட்டுபவர் கியரை நியூட்ரலில் வைத்துக் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் தானே அணைகிறது. கிளட்சை மீண்டும் மிதித்த கணமே யந்திரம் பெல்ட்டின் மூலம் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிறது. சாதாரண செல்ஃப் மோட்டாரின் பல்சக்கரம் எழுப்பும் கரகரப்பு இதில் இல்லை. வண்டி எப்பொழுது அணைந்தது, எப்பொழுது கிளம்பிற்று என்பது உள்ளே இருப்போருக்கு அநேகமாகத் தெரியாது. காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினை முதன்முறை கிளப்புவதற்கென்று பழைய செல்ஃப் மோட்டாரையும் பல வண்டிகளில் விட்டுவைத்திருக்கின்றனர்.

வண்டி புறப்பட்டு வேகம் பிடிக்கையில் யந்திரம் சில விநாடிகள் எஞ்சினுக்குத் தோள் கொடுக்கிறது. சிறிய எஞ்சின்கள் குறைந்த சுழற்சியில் சோர்ந்து நிற்பவை; அந்நேரத்தில் கிடைக்கும் இந்த ஒத்தாசை ஓட்டுபவருக்கு நன்கு புலப்படும். பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அல்லது பிரேக்கைத் தொட்டதும், யந்திரம் டைனமோவாக மாறி வண்டியின் ஓட்டத்திலிருந்தே மின்சாரத்தைக் கறந்து பாட்டரியில் சேர்க்கிறது. வீட்டு மின்சாரத்தில் செருகி இந்த பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமா என்று சிலர் கேட்கின்றனர். வேண்டியதில்லை, செருகுவதற்கு இடமும் இல்லை.

வோல்ட் கணக்கு

பிரேக் போடும்பொழுது வீணாகும் சக்தி முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும் என நம்பினால் அது தவறு. மேற்கூறிய கார் 8 விநாடிகளில் நின்றால், அந்நேரத்தில் வெளிப்படும் சக்தியின் அளவு சராசரி 20 கிலோவாட்டுக்குச் சற்று மேல். 12 வோல்ட் பாட்டரியோடு இணைந்த சிறு யந்திரம் 2 கிலோவாட் அளவில் கறக்கக்கூடியது என்று கொண்டால், அது பத்தில் ஒரு பங்கைத்தான் மீட்கிறது. எஞ்சிய ஒன்பது பங்கும் முன்போலவே பிரேக்கில் உஷ்ணமாகும்.

அதனால்தான் 48 வோல்ட் முறை தோன்றிற்று. பம்பு செட் வைத்திருக்கும் அன்பர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். வோல்டேஜ் குறைந்த நாட்களில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறிக் காயில் எரிந்துபோகிறது. அதே வேலைக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் கம்பி தடிக்க வேண்டும். 12 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓடினால் கிடைப்பது 2.4 கிலோவாட், அதே கம்பியில் 48 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓடினால் 9.6 கிலோவாட். 48-க்கு மேலும் ஏன் செல்லவில்லை எனில், 60 வோல்ட்டுக்கு உட்பட்ட நேர்மின்சாரம் தொட்டால் உயிருக்குப் பெரிய ஆபத்தில்லாதது எனக் கருதப்படுகிறது. அவ்வளவைத் தாண்டினால் பாதுகாப்புக்கென்றே விலையுயர்ந்த ஏற்பாடுகள் அவசியமாகும். 2011-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெரிய கார்த் தொழிற்சாலைகள் இந்த 48 வோல்ட் முறையைப் பொதுவில் ஏற்றுக்கொள்ள முன்வந்தன. 2017-இல் வெளிவந்த ஆடி ஏ8 காரில் இம்முறை அமைந்து, நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 40 விநாடி வரை எஞ்சினை முற்றிலும் அணைத்துவிட்டு வண்டி தன் வேகத்திலேயே மிதந்து செல்லவும் வழி செய்யப்பட்டது. நம் நாட்டில் 2019-இல் வந்த எம்.ஜி. ஹெக்டர் பெட்ரோல் வண்டியின் சில வகைகளில் 48 வோல்ட் முறை இருந்தது. 2025-இல் டொயோட்டா பார்ச்சூனர் டீசல் வண்டியிலும் அது வந்தது. எனினும் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் வண்டிகளில் நம் நாட்டில் பெரிதும் பரவியது 12 வோல்ட் முறையே.

ஜரிகை எவ்வளவு என்பதை மின்சார பில்லில் நாம் காணும் யூனிட் கணக்கிலேயே கூறிவிடலாம். மாருதி சுஸுகி நிறுவனத்தார் 2018 முதல் சியாஸ் காரிலும் பின்னர் வேறு சில வண்டிகளிலும் வைத்த லித்தியம் பாட்டரி 12 வோல்ட், 6 ஆம்பியர்-மணி அளவினது. அதில் அடங்குவது 0.07 யூனிட் மின்சாரம். அதே நிறுவனத்தாரின் 2022-ஆம் ஆண்டு கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டியின் பாட்டரியில் 0.76 யூனிட். முழுவதும் மின்சாரத்திலேயே ஓடுகின்ற, 2020-இல் வந்த டாட்டா நெக்ஸான் காரில் 30.2 யூனிட். ஓர வண்டிக்கும் உடல் வண்டிக்கும் பத்து மடங்கு வேற்றுமை. உடல் வண்டிக்கும் முழு மின்சார வண்டிக்கும் நாற்பது மடங்கு.

இந்தக் கணக்கிலிருந்து வேறொன்றும் விளங்கும். மலைப்பாதையில் இறங்கும்பொழுது இந்தச் சிறு பாட்டரி இரண்டு நிமிஷத்திலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கறந்து வைக்க இடமில்லை. ஆகவே ஹைப்ரிட் வண்டிதானே, அதுவே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று எண்ணி ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ மேல் கியரில் இறங்குவது பேராபத்து. எக்காலத்திலும் போலக் கீழ் கியரில், எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். இதனை ஓட்டுபவருக்கு அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்கு

பயன் உண்மையில் எவ்வளவு? ஒரே காரின் இரு வகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயமான வழி. 2015-ஆம் ஆண்டில் சியாஸ் டீசல் காரில் இந்த அமைப்பு வந்தபொழுது, கம்பெனியார் அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 26.21 கி.மீ. என்பதிலிருந்து 28.09 ஆக உயர்ந்தது. அதாவது நூற்றுக்கு ஏழு. 2023-இல் பிரெஸ்ஸா பெட்ரோல் காரின் கையால் கியர் மாற்றும் வகைகளிலிருந்து இந்த அமைப்பை நீக்கியபொழுது, கீழ்வகைகளின் மைலேஜ் 20.15-லிருந்து 17.38 ஆக இறங்கிற்று. இவை சோதனைக்கூடத்து எண்கள். அச்சோதனையில் வண்டி பலமுறை நின்று புறப்படுவதால் இந்த அமைப்புக்கு அது சாதகமானது என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

பிரெஸ்ஸாவின் எண்களையே எடுத்து, ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுபவருக்குக் கணக்கிடுவோம். அமைப்பு இல்லாத வண்டிக்கு 575 லிட்டர். உள்ள வண்டிக்கு 496 லிட்டர். மிச்சம் 79 லிட்டர். லிட்டர் ரூ.100 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.7,900. நம் சாலையில் இதில் பாதி கிடைத்தாலே திருப்தியடையலாம் என்பது எங்கள் கருத்து. அப்படியாயின் ரூ.4,000 எனக் கொள்வோம். ஹைப்ரிட் என்ற பெயருக்காகவே ஒருவர் ரூ.50,000 கூடுதலாகக் கொடுத்திருந்தால், அப்பணம் திரும்பிவரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். கடனுக்குரிய வட்டி வேறு. ஆனால் பெரும்பாலும் இந்த அமைப்பு தனி விலையின்றி வண்டியோடு சேர்ந்தே வருகிறது. அவ்வாறு வருமாயின் அதனை வேண்டாமென்று சொல்லக் காரணமேயில்லை. மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் கலவாமல் தடுக்கப்படுகிறது என்பதும் உடன் கிடைக்கும் நன்மை.

எவருக்குப் பயன் அதிகம் என்பதும் ஆராயத்தக்கது. ஈரோடு, சேலம் போன்ற நகர வீதிகளில் நாள்தோறும் நின்று நின்று செல்பவருக்கு இது நல்ல ஒத்தாசை. விடியற்காலையில் புறப்பட்டு நெடுஞ்சாலையில் ஒரே வேகமாக நூறு கி.மீ. சென்று திரும்புபவருக்கு அநேகமாக ஒன்றுமில்லை. அவர் பிரேக்கைத் தொடுவதே அரிது. மீட்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகைக்குக் கம்பெனியார் கூறும் மைலேஜ் 27.97, மைல்டு வகைக்கு 21.11. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. ஆனால் விலை வேற்றுமை லட்சக் கணக்கில் இருப்பதால், வாடகைக்கு ஓட்டுபவரைப் போல் அதிக தூரம் ஓடுபவரே அக்கணக்கைப் பரிசீலிக்கலாம்.

அரசாங்கமும் முதலில் இவ்வேற்றுமையைப் பெரிதாகப் பாராட்டவில்லை. மின்சார வாகனங்களை ஊக்குவிக்க 2015-இல் தொடங்கிய ஃபேம் இந்தியா திட்டத்தில் மைல்டு ஹைப்ரிட் வண்டிகளுக்கும் மானியம் வழங்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நிறுத்தப்பட்டது. மானியம் போனது நியாயமே என்று நாங்கள் கருதுகிறோம். ஓர ஜரிகைக்கு முழு ஜரிகையின் சலுகை பொருந்தாது.

ஓட்டுபவரும் பராமரிப்பும்

வண்டியில் இருக்கும் சாதனம் பயன்படுவது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. சிக்னலில் கியரைப் போட்டபடியே கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்பவருக்கு எஞ்சின் அணையாது. எஞ்சின் அடிக்கடி அணைவது பிடிக்காமல், அதற்குரிய பொத்தானை அழுத்தி அமைப்பை நிறுத்திவிடுவோரும் பலர். அவ்வாறு செய்தால் பயனில் பெரும்பகுதி போயிற்று. சிக்னலுக்கு நெருங்கிக் கடுமையாகப் பிரேக் போடுபவரைவிட, தொலைவிலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மெல்ல நெருங்குபவருக்கே பாட்டரியில் அதிக மின்சாரம் சேரும். யந்திரம் சிறியதாதலின் அதற்கு அவகாசம் வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஒரு சங்கடமும் உண்டு. பெரும்பாலான இவ்வகைக் கார்களில் ஏ.சி. கம்ப்ரஸரை ஓட்டுவது எஞ்சினே. எஞ்சின் அணைந்தால் குளிர்ந்த காற்றும் சிறிது நேரத்தில் குறையும். உள்ளே சூடு ஏறியதும் எஞ்சின் தானாகவே கிளம்பிவிடும். சித்திரை வைகாசியில் எஞ்சின் அடிக்கடி அணையவில்லையே, வண்டியில் பழுதோ என்று அஞ்ச வேண்டாம். எஞ்சின் போதிய சூடு அடையாதபொழுதும், பாட்டரியில் சார்ஜ் குறைந்தபொழுதும், ஓட்டுபவர் இருக்கைப் பெல்ட்டை அவிழ்த்தபொழுதும் அமைப்பு வேலை செய்யாமல் இருப்பதும் இயல்பே.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை பெல்ட்டும் பாட்டரியும். இந்தப் பெல்ட் சாதாரணப் பெல்ட்டைவிட அதிக வேலை செய்கிறது. கீச்சிடத் தொடங்கினால் காலம் தாழ்த்தாமல் மாற்ற வேண்டும். அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்கென்று தயாரித்த பாட்டரி விலை கூடுதலானது. அது தேய்ந்தபின் மலிவான சாதாரண பாட்டரியைப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் இருக்கின்றனர். வண்டி ஓடும்; ஆனால் எஞ்சினை அணைத்துக் கிளப்பும் வேலை சீக்கிரத்தில் நின்றுபோகும், பாட்டரியும் நாள் தாங்காது.

பழைய வண்டி வாங்குவோர் இதனை விசேஷமாகச் சோதிக்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பின், ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் சத்தமின்றிக் கிளம்ப வேண்டும். அணையவில்லையெனில் பாட்டரிகள் இரண்டில் ஒன்று தேய்ந்திருக்கக்கூடும். லித்தியம் பாட்டரி சில வண்டிகளில் முன்னிருக்கையின் அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்த வண்டியாயின் முதலில் கெடுவதும் அதுவே. இருக்கையின் அடியில் கைவிட்டு ஈரமோ, வண்டல் படிந்த அடையாளமோ உண்டா என்று பார்த்து, புது பாட்டரியின் விலையைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விசாரித்துக்கொண்டு, அதன் பிறகே விலை பேசத் தொடங்குங்கள்.